"அழுதா வந்து கூட்டிட்டுப் போறேன்!" – முகாமுக்குப் போகும் பிள்ளையிடம் சொல்லலாமா?

எழும்பூர் ரயில் நிலையம். மாலை நேரக் கூட்டம். ஒரு பிளாட்பாரத்தில் கழுத்தில் ஸ்கார்ப் கட்டிய பொடியன்கள் முப்பது பேர். சாரணர் முகாமுக்குப் புறப்படுகிறார்கள். மூன்று ராத்திரி வெளியூரில் தங்கல்!

பையன்கள் சிரிக்கிறார்கள். கண்ணைத் துடைப்பவர்கள் தாய்மார்கள்தான்.

"கண்ணு, பிடிக்கலைன்னா மாஸ்டர்கிட்டே சொல்லி போன் போடு. அப்பா அடுத்த பஸ்சிலே வந்து கூட்டிட்டு வந்திடுவாரு" என்றார் ஒரு தாய்.

அதுவரை முறுக்கு கடித்துக்கொண்டிருந்த பையன் கடிப்பதை நிறுத்தினான். முகம் வாடிவிட்டது. "நம்மாலே முடியாதுன்னு அம்மாவே நினைக்கிறாங்க" என்றுதானே அவனுக்குத் தோன்றும்?

எனக்கும் இது நடந்தது. ஆறாம் வகுப்பில் முதல் முகாம். "அழுகை வந்தா சொல்லி அனுப்பு, வந்திடறேன்" என்றார் அப்பா. மற்ற பையன்கள் கயிற்றில் முடிச்சுப் போடக் கற்றார்கள், கூடாரம் அடித்தார்கள். நான் வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டு நாள் பெட்டியைக்கூடத் திறக்கவில்லை. அப்பா வரவே இல்லை!

டாக்டர்களும் சொல்கிறார்கள்

2007-ல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் இதழில் தர்பர், வால்டன் என்ற இருவர் இதைப் பற்றி எழுதினார்கள். கூட்டி வருவதாக வாக்குக் கொடுக்காதீர்கள் என்பது அவர்கள் யோசனை. வீட்டு நினைப்பு யாருக்கும் வரும், அது தப்பில்லை என்று முன்கூட்டியே சொல்லச் சொல்கிறார்கள். வெளியே தங்கிப் பழக்கவும் சொல்கிறார்கள்.

நமக்கு அதற்குப் பாட்டி வீடு இருக்கிறது, அத்தை வீடு இருக்கிறது. இரண்டு ராத்திரி அனுப்பிப் பாருங்கள். அம்மா கூடப் போகக் கூடாது. போனால் அது விருந்து, ஒத்திகை அல்ல!

பகலெல்லாம் விளையாட்டில் ஓடிவிடும். விளக்கை அணைத்த பிறகுதான் வினை.

வெளியே சொல்லாத பயம்

இருட்டில் கக்கூசுக்கு எப்படிப் போவது? படுக்கையை நனைத்துவிட்டால் பையன்கள் சிரிப்பார்களே? இதைப் பிள்ளை வாய்விட்டுச் சொல்லாது. நாம்தான் கேட்க வேண்டும். மாஸ்டரிடம் தனியாகச் சொல்லிவைக்க வேண்டும். அன்று ஒரு தகப்பனார் பத்துப் பையன்கள் எதிரே உரக்கச் சொன்னார். அந்தப் பிள்ளை தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டது. பாவம்!

பையில் ஒரு டார்ச் லைட் வையுங்கள். வீட்டு விலாசம் எழுதிய தபால் கார்டு இரண்டு வையுங்கள். ராத்திரி மனசு கனத்தால் நாலு வரி எழுதட்டும்.

வண்டி கிளம்பும் நேரம். முறுக்குப் பையன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டான்: "அம்மா, போன் போட்டா அப்பா வருவாரா?"

பக்கத்தில் இருந்த பாட்டி முந்திக்கொண்டார்.

"ஞாயித்துக்கிழமை காலையிலே இதே இடத்திலே நாங்க மூணு பேரும் நிப்போம்டா. எத்தனை முடிச்சு கத்துக்கிட்டேன்னு எனக்குப் போட்டுக் காட்டணும், ஆமா!"

பையன் தலையாட்டினான். மிச்ச முறுக்கை எடுத்துக் கடித்தான்.