தெரிந்த கடைதானே என்று பில்லை விடலாமா?

மும்பையில், தாராவி 90 அடி சாலையில் நகை வாங்குபவரும், மாட்டுங்காவில் மளிகை வாங்குபவரும், செம்பூரில் மிக்சி வாங்குபவரும் பெரும்பாலும் தெரிந்த கடையைத் தேடித்தான் போகிறார்கள். தமிழில் பேசி, அவசரத்துக்குக் கடன் கொடுத்து, பழுதான பொருளை முகம் சுளிக்காமல் மாற்றித் தரும் கடைக்காரரை எந்தக் குடும்பமும் எளிதில் விடாது. நல்ல சேவை இப்படித்தான் தலைமுறை தாண்டிய உறவாகிறது. ஆனால், அந்த நெருக்கத்தாலேயே பில் கேட்கும் பழக்கம் விட்டுப்போகிறது. உறவு உண்மையில் சோதிக்கப்படுவது பொருள் பழுதாகும் நாளில்தான்; அன்றைக்குக் கடைக்காரரையும் வாங்கியவரையும் சேர்த்துக் காப்பது பில்தான்.

2020 ஜூலை 20 அன்று நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பில் தராமல் விற்பதை நியாயமற்ற வணிக நடவடிக்கை என்கிறது. குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதும் அப்படியே. பில்லில் கெடு எதுவும் குறிப்பிடாவிட்டால் 30 நாள் கணக்கு. ஆகவே ‘விற்ற பொருள் வாபஸ் இல்லை’ என்ற பலகை, குறையுள்ள பொருளை விற்ற கடைக்குப் பாதுகாப்பாகாது. வாங்கிய பின் மனம் மாறிப் பொருளைத் திருப்பித் தருவது வேறு. அது கடைக்காரரின் விருப்பத்தைப் பொறுத்தது. தங்க நகையில் பில்லின் மதிப்பு இன்னும் கூடுதல். ஆறு இலக்க ஹால்மார்க் எண்ணைச் சரிபார்த்து, எடை, தரம், செய்கூலி, சேதாரம் ஆகியவற்றைத் தனித்தனியாக எழுதி வாங்க வேண்டும். தரம் குறைந்திருந்தால், அந்தக் குறைவின் மதிப்பைப் போல் இரு மடங்கும் பரிசோதனைச் செலவும் கேட்க உரிமை உண்டு.

தாராவியில் இன்னொரு சந்தேகமும் எழும்: தொழிலுக்கு வாங்கிய தையல் மெஷினுக்கு இந்தச் சட்டம் பொருந்துமா? மறுவிற்பனைக்கோ பெரிய வணிகத்துக்கோ வாங்குபவர் நுகர்வோர் ஆகமாட்டார். ஆனால் தன் உழைப்பால் பிழைப்பதற்கென்றே மெஷின் வாங்குபவர் நுகர்வோர்தான். கோயம்புத்தூரின் பி.எஸ்.ஜி. நிறுவனத்திடம் மகாராஷ்டிரத்தின் லக்ஷ்மி என்ஜினீயரிங் வாங்கிய இயந்திரம் குறித்த வழக்கில், 1995-இல் உச்ச நீதிமன்றம் இந்த வேறுபாட்டை விளக்கியது. தானே ஓட்டிப் பிழைக்க ஆட்டோ வாங்குபவர் நுகர்வோர். பிறரை வைத்து ஓட்ட வாங்குபவர் அல்லர் என்றது.

பழகிய கடையில் பில் கேட்பது அவமதிப்பல்லவா என்பார்கள். என்ன வாங்கினோம், என்ன வாக்குறுதி தந்தார்கள் என்பதில் இருவர் நினைவும் முரண்படும்போதுதான் பழக்கம் முறிகிறது. முன்கூட்டியே எழுதி வைத்தால் அந்தச் சண்டைக்கே இடமில்லை. ஜி.எஸ்.டி. எண் இல்லாத சிறு கடை பில் தர முடியுமா என்பது அடுத்த கேள்வி. தாராளமாகத் தரலாம். கடையின் பெயர், முகவரி, தேதி, வரிசை எண், பொருள், அளவு, விலை, கையெழுத்து கொண்ட சாதாரணச் சீட்டே பெரிய துணை. வழக்கு என்று போனால் இழுத்தடிக்கும் என்ற அச்சத்திலும் நியாயம் இருக்கிறது. அதனால்தான் நுகர்வோர் ஆணையத்தைக் கடைசிப் படியாக வைத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் கடைக்காரரிடம் எழுத்தில் குறையைச் சொல்லுங்கள். பலன் இல்லையேல் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள்; தமிழிலேயே பேசலாம். அதுவும் கைகொடுக்காவிட்டால், பிரச்சினை எழுந்த 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட ஆணையத்தில் புகார் செய்யலாம். கடை வேறு ஊரில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே செய்யலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை; வக்கீலும் கட்டாயமில்லை. பில் தவறிப்போனால் யூ.பி.ஐ. பதிவு, வாட்ஸ்அப் செய்தி, வாரண்டி அட்டை ஆகியவற்றைச் சான்றாக வையுங்கள். கடைக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: வாடிக்கையாளர் கேட்கும்வரை காத்திராமல் நீங்களே பில்லை நீட்டுங்கள். குறை வந்தால் பொறுப்பேற்பேன் என்று கையெழுத்திட்டுச் சொல்லும் கடைக்கு வாடிக்கையாளர் தாமாகவே திரும்ப வருவார்.