பாலாடைக்கட்டிக்குள் பொற்காசு

பிற்காலத்தில் இலங்கைத் தேயிலையால் உலகப் பிரசித்தி பெற்ற தாமஸ் லிப்டன், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் மளிகை வியாபாரியாக இருந்த காலத்தில், 1881-ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸை முன்னிட்டு, பிரம்மாண்டமான பாலாடைக்கட்டி ஒன்றை அமெரிக்காவிலிருந்து கப்பலில் வரவழைத்து, துறைமுகத்திலிருந்து கடை வரையில் வீதிவழியே ஊர்வலமாக இழுத்து வரச் செய்தார். ஏறக்குறைய நம் ஊர்த் தேரோட்டந்தான். வேடிக்கை பார்க்க ஜனசமுத்திரம் கூடிற்று. அதோடு நின்றாரா? கட்டிக்குள் பொற்காசுகள் புதைந்திருப்பதாகவும் பிரகடனம் செய்யவே, பாலாடையில் ருசியுள்ளவரும் இல்லாதவரும் முண்டியடித்துக்கொண்டு வாங்க, அத்தனை பெரிய கட்டியும் சில மணி நேரத்தில் மாயமாயிற்று. இதே வித்தையை மற்றோர் ஊரில் அவர் செய்துகாட்டியபோது, காசு தொண்டையில் சிக்கும் அபாயமுண்டு என்று போலீசார் எச்சரிக்க, அந்த எச்சரிக்கையையே விளம்பரமாக்கிக்கொண்டார் அந்தச் சாமர்த்தியசாலி. தேயிலைத் தோட்டங்கள் வாங்க இலங்கைக்கு அவர் கப்பலேறியது 1890-இல்.