எண்பது நோயாளிகளும் ஒரு நாணயமும்

தாம்பரத்தில் கடற்கரைக்குச் செல்லும் மின்சார ரயிலில் ஏறினால், அடுத்து வரும் நிலையத்தின் பெயர் 'தாம்பரம் சானடோரியம்'. குரோம்பேட்டையிலும் பல்லாவரத்திலும் இருந்து தினமும் அந்த வழியே பள்ளிக்குப் போகும் உங்களில் எத்தனை பேர் அந்தப் பெயரின் பொருளை எண்ணிப் பார்த்திருக்கிறீர்கள்?

சானடோரியம் என்றால் காசநோயாளிகள் மாதக்கணக்கில் தங்கி ஓய்வெடுக்கும் இல்லம். காசநோய்க்கு மருந்தே இல்லாத காலத்தில் நல்ல காற்று, நல்ல உணவு, முழு ஓய்வு இம்மூன்றும்தான் சிகிச்சை. இங்கிலாந்தில் இத்தகைய இல்லம் ஒன்றை நடத்திய டாக்டர் டேவிட் சௌரி முத்து, 1928-இல் தாம்பரத்தின் மரங்களடர்ந்த பகுதியில் ஒன்றைத் தொடங்கினார். பின்னர் அரசு அதை ஏற்றுக்கொண்டது. இன்று அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை.

1950-களில் ஒரு சிக்கல் எழுந்தது. அதற்குள் ஐசோனியாசிட், பி.ஏ.எஸ். போன்ற மருந்துகள் வந்துவிட்டன. ஆனால் நம் நாட்டில் நோயாளிகள் லட்சக்கணக்கில். மருத்துவமனைப் படுக்கைகளோ ஆயிரக்கணக்கில்தான். படுக்கை கிடைக்காதவர் என்ன செய்வது? மருந்தைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினால் குணமாவாரா? குடிசையில் ஓய்வு ஏது, சத்துணவு ஏது? 'ஆகாது' என்றே பலர் நினைத்தார்கள்.

நினைப்பது வேறு, சோதித்துப் பார்ப்பது வேறு அல்லவா? நீங்கள் ஏறிய அதே ரயில் சேத்துப்பட்டுக்கும் போகிறது. அங்கே 1956-இல் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் ஒன்று தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நான்கும் சேர்ந்து அமைத்தவை. டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் என்பவர் தலைமையில் அங்கு ஒரு சோதனை நடந்தது. சென்னையின் ஏழை நோயாளிகளை எந்த விருப்பு வெறுப்புமின்றி, குலுக்கல் போன்ற முறையில் இரு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழு சானடோரியத்தில். மற்றது அவரவர் வீட்டில். இரு குழுவினருக்கும் ஒரே மருந்துகள், ஓராண்டு காலம்.

முடிவு 1959-இல் வெளியாயிற்று. ஓராண்டின் முடிவில் சளியில் கிருமி இல்லாமல் நோய் அடங்கியவர்கள் சானடோரியத்தில் நூற்றுக்கு 92 பேர், வீட்டில் நூற்றுக்கு 86 பேர்.

இங்கேதான் நம் கணக்கு தொடங்குகிறது. 92 பெரிது, 86 சிறிது. ஆகவே சானடோரியமே சிறந்தது என்று சொல்லிவிடலாமா? கொஞ்சம் பொறுங்கள். கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்டவர்கள் ஒவ்வொரு குழுவிலும் ஏறக்குறைய 80 பேர்தான். வசதிக்காகச் சரியாக 80 என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் சானடோரியத்தில் குணமானோர் 74 பேர். வீட்டில் 69 பேர். வித்தியாசம் வெறும் 5 பேர். இந்த ஐந்து பேர் வித்தியாசம் சிகிச்சையால் வந்ததா, அல்லது தற்செயலாக வந்ததா?

ஒரு நாணயத்தை எடுங்கள். 10 தடவை சுண்டுங்கள். தலை எத்தனை விழும்? '5' என்று உடனே சொல்வீர்கள். ஆனால் சரியாக 5 விழுவது நான்கு முயற்சிகளில் ஒன்றில்தான்! பத்துச் சுண்டல்களில் தலையும் பூவும் மாறி மாறி வரும் வகைகள் மொத்தம் 1024. அவற்றில் சரியாக 5 தலை உள்ளவை 252. தலை 7-ஓ அதற்கு மேலோ வரும் வகைகள் 176. ஆக, ஆறு மாணவர்கள் சுண்டினால் ஒருவருக்கு ஏழு தலையோ அதற்கு மேலோ விழுவதில் வியப்பில்லை. அவர் நாணயத்தில் கோளாறும் இல்லை.

இப்படி, 'ஆம் அல்லது இல்லை' என்ற இரண்டே விடையுள்ள ஒரு நிகழ்ச்சியைப் பல தடவை செய்தால், 'ஆம்' எத்தனை தடவை வரும் என்பதற்கான நிகழ்தகவுகளின் அட்டவணையே ஈருறுப்புப் பரவல். ஜேக்கப் பெர்னோலி இதை ஆராய்ந்து எழுதிய நூல், அவர் இறந்து எட்டு ஆண்டுகளுக்குப் பின் 1713-இல் வெளிவந்தது. நாணயம் சமமாக இருக்க வேண்டும் என்பதில்லை. நூற்றுக்கு 89 தடவை தலை விழும் கோணல் நாணயத்துக்கும் இதே கணக்குதான்.

நம் நோயாளிகளுக்கு வருவோம். வீடானாலும் சானடோரியமானாலும் உண்மையில் பலன் ஒன்றே என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். 92-க்கும் 86-க்கும் நடுவே 89. அதாவது ஒவ்வொரு நோயாளியும் குணமாகும் நிகழ்தகவு 0.89. இப்போது கணிப்பொறியை ஒரு பொய்ச் சோதனை நடத்தச் சொல்வோம். 0-க்கும் 1-க்கும் இடையே ஒரு எண்ணைத் தற்செயலாக எடு, அது 0.89-க்குக் குறைவானால் 'குணம்' என்று எழுது. இப்படி 80 தடவை செய்தால் ஒரு குழு. இன்னும் 80 தடவை செய்தால் மற்றொரு குழு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறித்துக்கொள். இந்தச் சோதனையை 10,000 முறை திரும்பச் செய். மொத்தம் 16 லட்சம் எண்கள். இன்றைய கணிப்பொறிக்கு இது சில விநாடி வேலை.

விடை என்ன தெரியுமா? ஏறக்குறைய 2,500 முறை வித்தியாசம் 5 பேரோ அதற்கு மேலோ வருகிறது. பலன் துளியும் வேறுபடாத போதே நான்கில் ஒரு முறை இவ்வளவு வித்தியாசம் வந்துவிடுகிறது! ஆகவே 92, 86 என்ற எண்களை மட்டும் கொண்டு சானடோரியமே மேல் என்று அடித்துச் சொல்ல முடியாது.

ஆனால் ஓர் எச்சரிக்கை. 'இரண்டும் சமம் என்று நிரூபணமாகிவிட்டது' என்றும் சொல்லக் கூடாது. சானடோரியம் உண்மையிலேயே சற்று மேலாக இருந்து, அதனால் இந்த 5 பேர் கூடுதலாக வந்திருக்கவும் இடமுண்டு. பெரியவர்களும் தடுமாறும் இடம் இது. பின் இந்தச் சோதனையால் என்ன பயன் என்று கேட்பீர்கள். கேள்வியைச் சற்றே திருப்பிப் போட வேண்டும். மருத்துவர்களின் அச்சம் 'வீட்டில் பலன் சற்றுக் குறையுமோ' என்பதல்ல. 'வீட்டில் அடியோடு பலிக்காதோ' என்பதே. வீட்டில் குணமாகும் நிகழ்தகவு 0.6-தான் என்றால், 80 பேரில் 69 பேரோ அதற்கு மேலோ குணமாவதற்கு வாய்ப்பு என்ன? ஒரு கோடியில் மூன்று! 0.7 என்றால்? பத்தாயிரத்தில் ஆறு. அந்த அச்சம் இதோடு தீர்ந்தது.

இந்தக் கடைசி இரண்டு விடைகளுக்குப் பொய்ச் சோதனை உதவாது. கோடியில் மூன்றைப் பிடிக்க எத்தனை கோடி முறை ஓட்டுவது? நேரே சூத்திரத்தைப் போட வேண்டும். போடப் போனால் 80-இன் தொடர் பெருக்கம் (1-இலிருந்து 80 வரை எல்லா எண்களையும் பெருக்கி வருவது) வேண்டும். உங்கள் கைக்கால்குலேட்டரில் தட்டிப் பாருங்கள். பெரும்பாலானவை 69 வரை ஒழுங்காகச் சொல்லும். 70-இல் 'பிழை' என்று கைவிரித்துவிடும். ஏனெனில் அங்கே விடை 100 இலக்கங்களைத் தாண்டிவிடுகிறது. இதற்கு ஓர் எளிய உபாயம் உண்டு. ஒவ்வொரு நிகழ்தகவையும் முதலிலிருந்து கணக்கிடாமல், முந்தையதிலிருந்து அடுத்ததைப் பெறுங்கள். 68 பேர் குணமாகும் நிகழ்தகவு தெரிந்தால், அதை மீதமுள்ள 12-ஆல் பெருக்கி 69-ஆல் வகுத்து, 0.7-ஆல் பெருக்கி 0.3-ஆல் வகுத்தால் 69 பேருக்கானது கிடைத்துவிடும். பூஜ்யத்திலிருந்து தொடங்கிப் படிப்படியாக ஏறினால் பெரிய எண் எதையும் தொட வேண்டியதில்லை.

இந்த வேலையைத் தயாராக வைத்திருக்கும் கணிப்பொறி மொழிகளும் உண்டு. நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாக்கா, ராபர்ட் ஜென்டில்மன் என்ற இருவர் 1990-களில் உருவாக்கிய 'ஆர்' மொழி அவற்றுள் ஒன்று. காசு கொடுக்க வேண்டியதில்லை. அதில் 'டிபைனாம்' என்ற கட்டளை சரியாக இத்தனை என்பதற்கும், 'பிபைனாம்' இத்தனை அல்லது அதற்குக் குறைவு என்பதற்கும் நிகழ்தகவைத் தரும். 'ஆர்பைனாம்' பொய்ச் சோதனை நடத்தும்.

என் வகுப்பில் ஒரு நாள் இதைச் செய்யச் சொன்னேன். ஒரு மாணவிக்குப் பத்தாயிரத்தில் ஆறு என்று வந்தது. அடுத்த மேசையில் பத்தாயிரத்தில் இரண்டு. இருவரும் கணிப்பொறியைக் குறை கூறினார்கள். கணிப்பொறி சரியாகவே இருந்தது. '69 அல்லது அதற்கு மேல்' வேண்டுமென்றால், 1-இலிருந்து '68 அல்லது அதற்குக் குறைவு' என்பதைக் கழிக்க வேண்டும். இரண்டாமவர் 68-க்குப் பதில் 69 போட்டுவிட்டார். அதனால் சரியாக 69 பேர் குணமாகும் வாய்ப்பும் சேர்ந்து கழிந்துவிட்டது. ஒரே ஓர் எண் பிசகியதால் விடை மூன்றில் ஒரு பங்காகிவிட்டது. நானும் படிக்கும் காலத்தில் இதே தவற்றைச் செய்தவன்தான். அவர்களிடம் அதைச் சொல்லவில்லை!

இன்னொன்றையும் கேட்பீர்கள்: நோயாளிகள் எல்லாரும் ஒரே மாதிரி நாணயங்களா? அல்லவே. இயற்பியலில் ஒரு ரேடியம் அணுவுக்கும் மற்றொன்றுக்கும் வேற்றுமை இல்லை. மனிதர் அப்படியல்லர், ஒருவருக்கு நோய் முற்றியிருக்கும், மற்றவருக்கு அப்போதுதான் தொடங்கியிருக்கும். அதனால்தான் குலுக்கல் முறை. முற்றிய நோயாளிகளை மருத்துவரே பார்த்துப் பார்த்துச் சானடோரியத்துக்கு அனுப்பியிருந்தால் நம் கணக்கு முழுவதும் பாழ்.

சேத்துப்பட்டு ஆய்வாளர்கள் ஓராண்டோடு நிற்கவில்லை. அதே நோயாளிகளை ஐந்தாண்டு தொடர்ந்து கவனித்தார்கள். அப்போது இரு குழுவும் ஏறக்குறைய சமமாகவே இருந்தன. நோயாளியோடு ஒரே வீட்டில் இருந்தவர்களுக்கும் அதனால் கூடுதலாக நோய் தொற்றவில்லை. இன்று நம் நாட்டில் பெரும்பாலான காசநோயாளிகள் வீட்டில் இருந்தபடியே மருந்து சாப்பிடுகிறார்கள். அந்தச் சேத்துப்பட்டு மையம் இப்போது தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

இனி உங்களுக்கு ஒரு வேலை. அதே 92, அதே 86. ஆனால் குழுவுக்கு 80 பேருக்குப் பதில் 800 பேர் என்று வையுங்கள். வித்தியாசம் 48 பேர். நான் ஓட்டிப் பார்த்தபோது, அவ்வளவு வித்தியாசம் தற்செயலாக வருவது 10,000 முறையில் ஒன்றோ இரண்டோதான். 200 பேர் என்றால் எத்தனை முறை? 12 பேர் வித்தியாசத்தை எண்ண வேண்டும். பள்ளிக் கணிப்பொறியில் ஓட்டிப் பாருங்கள். '12 அல்லது அதற்கு மேல்' என்பதை மறக்க வேண்டாம்.