நள்ளிரவில் நதி வாசலுக்கு வந்தால்?

பிழைப்புக்காகவும் உத்தியோகத்திற்காகவும் தமிழகத்தை விட்டுப் புனேக்கு வந்து குடியேறிய நம் குடும்பங்களில் பலருக்கு, இந்த நகரத்திற்கு இயற்கைச் சீற்றங்களால் பெரிய ஆபத்து ஒன்றும் வராது என்ற எண்ணம் உண்டு. 2004 டிசம்பர் 26ஆம் தேதி நாகப்பட்டினத்திலும் கன்னியாகுமரிக் கடற்கரையிலும் சம்பவித்ததைத் தொலைக்காட்சியில் கண்டு கண்ணீர் சிந்தினோம். 2015 டிசம்பரில் சென்னையில் அடையாறு பெருகி வீடுகளுக்குள் புகுந்தபோது, அங்கிருந்த உறவினருக்குத் தொலைபேசியில் அழைத்து அழைத்துத் தவித்தோம். "நாம் மேட்டு நிலத்தில் இருக்கிறோம், இங்கே கடல் இல்லை" என்று மனதைத் தேற்றிக்கொண்டோம். புனே கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 560 மீட்டர் உயரத்தில் இருப்பது மெய்தான். ஆனால் அந்த மேட்டுக்கும் மேலே, மேற்கே சஹ்யாத்ரி மலைகளின் மடியில் கடக்வாஸ்லா, பான்ஷேத், வரஸ்காவ், டெம்கர் என்னும் நான்கு அணைகள் நிற்கின்றன. அவற்றின் உபரி நீர் முழுவதும் முத்தா நதியின் வழியாக நகரத்தின் நடுவிலேதான் ஓடியாக வேண்டும். முல்ஷி அணையின் நீர் முளா நதியிலும், பவனா அணையின் நீர் பவனா நதியிலும் வருகிறது. தாபோடி, போபோடி, கிர்க்கி, சங்கம்வாடி என்று நம் ஜனங்கள் வாழும் பகுதிகளை நதியின் வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள், காரியம் விளங்கும்.

1961 ஜூலை 12ஆம் தேதி நடந்ததைப் புனேயின் முதியவர்கள் இன்னும் மறக்கவில்லை. அம்பி நதியின்மேல் கட்டப்பட்டுக்கொண்டிருந்த பான்ஷேத் அணை, வேலை முற்றுப்பெறாத நிலையிலேயே மழைக்கால நீரைத் தாங்க நேரிட்டது. கரை இறங்கத் தொடங்கியபோது ராணுவ வீரர்கள் இரவெல்லாம் மணல் மூட்டைகளை அடுக்கினார்கள். அவர்களுடைய பிரயாசத்தால் அணை சில மணி நேரம் கூடுதலாக நின்றது. அதனால் வெள்ளம் ஊர் உறங்கும் வேளையில் வராமல் பகலில் வந்தது. எத்தனை உயிர்கள் அந்தச் சில மணி நேரத்தினால் தப்பின என்பதை யார் கணக்கிட முடியும்? அணை உடைந்த வேகத்தில் கீழே இருந்த பழைய கடக்வாஸ்லா அணையும் உடைந்தது. நதியோரப் பேட்டைகள் மூழ்கின. ஏறக்குறைய ஆயிரம் பேர் மாண்டதாகப் பொதுவாகச் சொல்லப்படுகிறது. ஊர்முழுவதும் வெள்ளமாக இருந்த நகரத்தில் அதற்குப் பின் குடிக்கத் தண்ணீர் இல்லை. ஏனெனில் உடைந்த கடக்வாஸ்லாதான் நகரத்தின் குடிநீர் ஆதாரம். வெள்ளத்திற்கு ஆயத்தப்படுகிறவர்கள் முதலாவது சேமிக்க வேண்டியது குடிநீர் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமோ?

"அது பழைய காலம், இப்போது எல்லாம் சீராகிவிட்டது" என்று சிலர் சொல்லக்கூடும். 2019 செப்டம்பர் 25ஆம் தேதி இரவை நினைத்துப் பாருங்கள். அன்று பெருகியது பெரிய நதியன்று. காத்ரஜ் பக்கத்திலிருந்து வரும் ஆம்பில் ஓடா என்னும் ஓடை. சில மணி நேரத்துப் பேய்மழையில் அந்த ஓடை சஹகார் நகர், அரண்யேஷ்வர் பகுதிகளில் குடியிருப்புகளுக்குள் பாய்ந்தது, சுவர்கள் இடிந்தன, கார்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்தன. நகரத்திலும் சுற்றுவட்டாரத்திலும் 20க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதே ஆண்டு ஜூன் 29ஆம் தேதி அதிகாலையில் கோந்த்வாவில் குடியிருப்பு ஒன்றின் மதிற்சுவர் சரிந்து, அதன் ஓரத்தில் தகரக் கொட்டகைகளில் உறங்கிய 15 பேர் உயிரிழந்தார்கள். அவர்களும் நம்மைப்போல வேறு மாநிலத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்களே. மழைக்காலத்தில் உயர்ந்த மதிற்சுவரை ஒட்டிப் படுப்பதும், வாகனத்தை நிறுத்துவதும் ஆபத்து என்பதை அன்றுதான் பலர் உணர்ந்தனர்.

2024 ஜூலை 25ஆம் தேதியோ அணை உடையவில்லை, நிரம்பியது, அவ்வளவே. கடக்வாஸ்லாவிலிருந்து விநாடிக்கு 35,000 கன அடிக்கும் அதிகமான நீர் முத்தாவில் திறந்துவிடப்பட்டது. கன அடி என்றால் நம் வீட்டுப் பெண்களுக்கு என்ன விளங்கும்? லிட்டரில் சொன்னால், ஒவ்வொரு விநாடியும் ஏறக்குறைய 10 லட்சம் லிட்டர். சிங்கட் சாலையை அடுத்த ஏக்தா நகரியில் கீழ்த்தளங்கள் மூழ்கின, ராணுவம் வரவழைக்கப்பட்டது. தங்களுக்குப் போதிய முன்னறிவிப்பு கிடைக்கவில்லை என்று அங்குள்ளோர் முறையிட்டார்கள். அதே அதிகாலையில் டெக்கான் பகுதியில் புலாச்சி வாடி என்னுமிடத்தில், தண்ணீரில் நின்ற தள்ளுவண்டியை அப்புறப்படுத்த முயன்ற மூன்று பேர் மின்சாரம் தாக்கி மாண்டனர். ஒரு தள்ளுவண்டிக்காக மூன்று உயிர்! இதை எழுதும்போது மனம் கனக்கிறது; ஆனால் அவர்களைக் குறைசொல்ல நமக்கு உரிமையில்லை. அந்த வண்டிதான் அவர்களுடைய பிழைப்பு. தண்ணீர் ஏறிய பின்பு பொருளை மீட்கப் போகக்கூடாது என்ற தீர்மானத்தை, தண்ணீர் ஏறுவதற்கு முன்பே குடும்பமாய் எடுத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் எடுக்க முடியாது.

ஆச்சிக்கு மராத்தி தெரியுமா?

பொதுவான ஆலோசனைகள் எல்லாப் பத்திரிகைகளிலும் வருகின்றன. ஆனால் புலம்பெயர்ந்த குடும்பத்திற்கென்று ஒரு தனிப்பட்ட ஆபத்து உண்டு. கணவரும் மனைவியும் வேலைக்குப் போய்விடுகிறார்கள், பிள்ளைகள் பள்ளியில். வீட்டில் இருப்பது ஊரிலிருந்து பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வந்த ஆச்சியோ தாத்தாவோ. அவர்களுக்கு மராத்தியும் தெரியாது, இந்தியும் தெரியாது. தெருவில் போலீஸ் வண்டியோ மாநகராட்சி வண்டியோ ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டு போகிறது. ஆச்சிக்கு அது தேர்தல் பிரசாரமா, எச்சரிக்கையா என்று எப்படித் தெரியும்?

ஆகவே சில சொற்களையாவது கற்றுக்கொடுத்து, தமிழில் பெரிய எழுத்தில் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டிவையுங்கள். "தரண்" என்றால் அணை. "பூர்" என்றால் வெள்ளம். "பாணி சோட்லே" என்றால் தண்ணீர் திறந்துவிட்டார்கள். "விசர்க்" என்பது அணையிலிருந்து வெளியேற்றும் நீர். "நதிகாட்" ஆற்றங்கரை. "ஸ்தலாந்தர்" என்று கேட்டால் வீட்டை விட்டு வெளியேறும்படி சொல்கிறார்கள் என்று பொருள். "சாவதான்" என்பதில் மட்டும் ஒரு வேடிக்கை இருக்கிறது. நம் ஊரில் சாவதானமாக வா என்றால் அவசரமில்லாமல், மெதுவாக வா என்று அர்த்தம். இங்கே அதே சொல் எச்சரிக்கை, விழித்துக்கொள் என்று சொல்கிறது. ஆச்சி சாவதானமாக உட்கார்ந்துவிடக்கூடாது!

அத்துடன் பக்கத்து வீட்டாரிடம், "எங்கள் அம்மா தனியாக இருக்கிறார்கள், மேல்மாடிக்கு அழைத்துச் செல்லுங்கள்" என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது அவசியம். ஆண்டுக்கணக்கில் ஒரே படிக்கட்டில் ஏறியிறங்கியும் பக்கத்து வீட்டு மராத்திய அம்மையாரின் பெயர் தெரியாமல் வாழ்கிற நம்மவர் எத்தனை பேர்! கட்டடத்து வாட்ச்மேனுடைய எண்ணும் வீட்டில் இருக்கட்டும். முதியவர்களை வீட்டுக்குள் வைத்து வெளியே பூட்டிவிட்டுப் போகும் பழக்கம் சில குடும்பங்களில் இருக்கிறது. தீ விபத்திலும் வெள்ளத்திலும் அது மரண வாசல். அதை இன்றே நிறுத்துங்கள்.

வானிலைத் துறையின் நிற அறிவிப்புகளையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். மஞ்சள் என்றால் கவனித்திரு. ஆரஞ்சு என்றால் ஆயத்தமாயிரு. சிவப்பு என்றால் உடனே செயல்படு. 1928இல் அத்துறையின் தலைமையகம் சிம்லாவிலிருந்து இங்கே மாற்றப்பட்டதால், சிவாஜி நகரிலுள்ள அந்த அலுவலகத்தைப் புனேவாசிகள் இன்னும் "சிம்லா ஆபீஸ்" என்றே அழைக்கிறார்கள். அவசர உதவிக்கு 112, தீயணைப்புக்கு 101, ஆம்புலன்சுக்கு 108. இவற்றைக் கைபேசியில் மட்டும் வைத்திருந்தால் போதாது. பேட்டரி தீர்ந்தால் எண்ணும் தீர்ந்துவிடும். காகிதத்தில் எழுதி ஒட்டுங்கள்.

ஒரு பையும் சில காகிதங்களும்

காகிதங்கள் நனைந்துபோவது எல்லாருக்கும் நஷ்டமே. நமக்கு அது இரட்டிப்பு நஷ்டம். இங்கே பிறந்து வளர்ந்தவர் தொலைந்த சான்றிதழுக்குப் பக்கத்து அலுவலகத்தில் விண்ணப்பிப்பார். நாமோ சாதிச் சான்றிதழுக்கும் நிலப் பட்டாவுக்கும் ஊரிலுள்ள தாலுகா அலுவலகத்தை நாட வேண்டும். வேலைக்கு விடுப்பு, ரயில் கட்டணம், அலைச்சல். ஆகையால் ஆதார், பள்ளிச் சான்றிதழ்கள், திருமணப் பதிவு, வங்கிப் புத்தகம், ரேஷன் அட்டை, மருத்துவச் சீட்டுகள் யாவையும் நீர் புகாத பிளாஸ்டிக் உறையில் இட்டு, பரணில் அல்ல, கையில் எடுத்துக்கொண்டு ஓடக்கூடிய பையில் வையுங்கள். டிஜிலாக்கரிலும் ஏற்றி வைக்கலாம்.

வாடகை ஒப்பந்தத்தை விட்டுவிடாதீர்கள். வெள்ளம் வடிந்த பின்பு வருவாய்த் துறையினர் வீடு வீடாக வந்து சேதத்தைப் பார்த்து "பஞ்சநாமா" எழுதுவார்கள். நிவாரணத் தொகைக்கு அதுவே ஆதாரம். அந்த வீட்டில் குடியிருந்தது நாம்தான் என்பதற்கு என்ன அத்தாட்சி? மகாராஷ்டிர சட்டப்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருந்து பதிவு செய்யப்பட வேண்டும். வீட்டுக்காரர் வாய்ச்சொல்லே போதும் என்பார். நாமும் செலவு மிச்சம் என்று இருந்துவிடுவோம். பஞ்சநாமா எழுதும் நாளில் அந்த மிச்சம் எங்கே போகும்? சேற்றைக் கழுவுமுன் சேதமான பொருள்களைப் புகைப்படம் எடுத்துக்கொள்வதும் நலம்.

பையில் வேறென்ன? டார்ச், பவர் பாங்க், சிறிய டிரான்சிஸ்டர், சில்லறையும் சிறு நோட்டுகளுமாகக் கொஞ்சம் பணம் (மின்சாரம் போனால் ஏடிஎம் வேலை செய்யாது, கடையில் கியூஆர் அட்டையும் பயன்படாது), சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்திற்கும் ஒரு வாரத்து மருந்து, குழந்தையின் பால்மாவு. மின்சாரம் நின்றவுடன் இன்சுலின் கெட்டுவிடும் என்று பலர் பதறுகிறார்கள். பயன்பாட்டில் உள்ள பெரும்பாலான இன்சுலின்கள் மிதமான அறை வெப்பத்தில் ஏறக்குறைய நான்கு வாரம் தாங்கும்; ஈர மண்பானைக்குள் வைத்தால் இன்னும் நல்லது. உங்கள் மருந்துக்கு எப்படி என்று மருத்துவரிடம் முன்னதாகவே கேட்டு வையுங்கள். அடுப்பில்லாமல் உண்ணத்தக்க அவலும் பொட்டுக்கடலையும் வெல்லமும் நம் வீடுகளில் எப்போதும் உண்டே! தண்ணீர் ஒருவருக்கு நாளொன்றுக்கு நான்கு லிட்டர் வீதம் மூன்று நாளைக்கு. ஐந்து பேர் உள்ள வீட்டிற்கு 20 லிட்டர் கேன் மூன்று. வயிற்றுப்போக்கு கண்டால், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் ஆறு சிறு கரண்டி சர்க்கரையும் அரைக் கரண்டி உப்பும் தலைதட்டி அளந்து கலந்து கொடுங்கள். சேற்று நீரில் நடந்தவருக்கு அடுத்த வாரங்களில் காய்ச்சல் வந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கக்கூடும். கைமருந்தில் காலம் கடத்த வேண்டாம்.

தண்ணீர் வரும் அறிகுறி தெரிந்தவுடன், கை கால் உலர்ந்திருக்கும்போதே மெயின் சுவிட்சை அணைத்து, காஸ் ரெகுலேட்டரை மூடுங்கள். தரை நனைந்துவிட்டால் சுவிட்சுப் பலகையை நெருங்கக்கூடாது. லிப்ட் வேண்டாம். ஓடும் நீர் முழங்காலுக்குக் கீழே இருந்தாலும் பெரியவரையே தள்ளிவிடும். இரண்டடி நீரில் பெரும்பாலான கார்கள் மிதக்கும். பைக்கில் பாலத்தைக் கடந்துவிடலாம் என்று துணிகிற நம் வாலிபருக்கு இதை அழுத்திச் சொல்லுங்கள்.

"இவ்வளவு ஆயத்தம் எதற்கு? தேவன் பார்த்துக்கொள்வார் அல்லவா?" என்று கேட்கும் அன்பானவர்கள் சபைகளில் இருக்கிறார்கள். அவர்களுடைய பக்தியை மதிக்கிறோம். ஆனால் மழை துளிர்க்காத நாளில் பேழையைக் கட்டிய நோவாவும், பஞ்சத்திற்குமுன் தானியத்தைச் சேர்த்த யோசேப்பும் அவிசுவாசிகளா? சபையிடம் ஏற்கெனவே இருப்பதைப் பயன்படுத்தினாலே பேருதவியாகும். வீட்டு ஜெபக்குழு ஒவ்வொன்றிலும் யார் கீழ்த்தளத்தில் வாழ்கிறார், யார் மேல்தளத்தில், யாருக்கு நடக்க முடியாது, யார் கர்ப்பவதி, யாரிடம் வாகனம் இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளட்டும். நதியோரக் குடும்பம் ஒன்றுக்கு மேட்டுப் பகுதிக் குடும்பம் ஒன்று என்று முன்பே இணைத்து வைத்தால், நள்ளிரவில் யார் கதவைத் தட்டுவது என்ற கூச்சம் இராது. பலர் உயிருக்கு ஆபத்தான வேளையிலும், "அவர்களுக்கு ஏன் தொந்தரவு" என்று தயங்கி நின்றுவிடுகிறார்கள்.

குடும்பம் சிதறிப்போனால் கூடுமிடம் ஒன்று வேண்டும். வீட்டருகே ஒன்றும், பகுதிக்கு வெளியே ஒன்றும் பிள்ளைகளோடு நடந்துபோய்க் காட்டி வையுங்கள். செய்தி சொல்ல ஊரிலுள்ள ஓர் உறவினரை நியமியுங்கள். உள்ளூர் இணைப்புகள் நெரிசலில் அடைபட்டாலும் வெளியூருக்கு அழைப்பு கிடைப்பதுண்டு. குறுஞ்செய்தி அதைவிட எளிதாய்ப் போய்ச் சேரும். திருநெல்வேலியிலுள்ள சித்தப்பாவிடம் அப்பா ஒரு வரி, அம்மா ஒரு வரி, மகள் ஒரு வரி சொன்னால், அவரே மூவருக்கும் மற்றவர் நலமாயிருப்பதைத் தெரிவிப்பார். அந்த எண்ணைப் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்ல வேண்டும்.

மே மாதத்தில் நம்மில் பலர் விடுமுறைக்கு ஊருக்குச் சென்று, பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில் திரும்புகிறோம். புனேக்குப் பருவமழையும் அப்போதுதான் வருகிறது. இம்முறை புறப்படும்போது காகிதங்கள் எல்லாவற்றிற்கும் ஒரு பிரதி எடுத்துச் சித்தப்பா வீட்டுப் பீரோவில் வைத்துவிட்டு வாருங்கள்.