வெடித்தது தரை மட்டுமா?

அமெரிக்க நாட்டின் ஊர்களிலே ஒரு வழக்கு நடக்கிறது. பூங்காவிலே உள்ள பந்தாட்டக் களம் யாருக்கு என்பதுதான் வழக்கு. வாதிகள் டென்னிஸ் ஆடுவோர். பிரதிவாதிகள் பிக்கிள்பால் ஆடுவோர். "எங்கள் களத்திலே கோடு கிழித்துவிட்டார்கள்" என்று இவர்கள் குமுறுகிறார்கள். "எங்களுக்கென்று தனிக் களம் எங்கே?" என்று அவர்கள் கேட்கிறார்கள். நகர மன்றத்திலே இரு சாராரும் எழுந்து நின்று ஒருவரையொருவர் குற்றம் சாட்டுகிறார்கள். களத்தின் தரையோ வெடித்துக் கிடக்கிறது. வலை தொய்ந்து தொங்குகிறது. விளக்குக் கம்பம் இருக்கிறது, வெளிச்சம் இல்லை!

"கடல் கடந்த நாட்டிலே பந்தாட்டச் சச்சரவு, அது பற்றி நமக்கென்ன?" என்று தோழர்கள் கேட்கக்கூடும். களம் அவர்களுடையதுதான். ஆனால் அங்கே கையாளப்படும் முறை இருக்கிறதே, அது உழைப்பவன் வாழும் இடமெல்லாம் பழக்கமான முறை. ஆகவே சற்று விவரமாகவே பார்ப்போம்.

பிக்கிள்பால் என்பது 1965-ஆம் ஆண்டு வாஷிங்டன் மாநிலத்தைச் சேர்ந்த பெயின்பிரிட்ஜ் தீவிலே பிறந்த ஆட்டம். ஜோயல் பிரிச்சர்டு என்ற அரசியல்வாதியும் அவருடைய நண்பர்கள் இருவரும், வீட்டுப் பிள்ளைகளின் பொழுதுபோக்குக்காக உண்டாக்கியது. பூப்பந்துக் களத்தின் அளவேதான் இதன் களம்: 44 அடி நீளம், 20 அடி அகலம். கையகல மட்டை; துளைகள் நிறைந்த பிளாஸ்டிக் பந்து. ஓட்டம் குறைவு, ஆகவே முதியவரும் ஆடலாம், சிறுவரும் ஆடலாம். 2022-இல் அமெரிக்காவிலே இதை ஆடியவர்கள் 89 லட்சம் பேர் என்றும், 2024-இல் 1 கோடியே 98 லட்சம் பேர் என்றும் அந்நாட்டு விளையாட்டுத் தொழில் சங்கத்தார் கணக்குத் தருகின்றனர். இரண்டே ஆண்டுகளிலே இரு மடங்குக்கும் மேல்!

ஆடுவோர் பெருகினர், பொதுக் களங்கள் அந்த வேகத்திலே பெருகவில்லை. சுற்றிலும் உள்ள இடத்தோடு சேர்த்தால் ஒரு டென்னிஸ் களத்திலே நான்கு பிக்கிள்பால் களங்கள் அடங்கும். பார்த்தனர் நிர்வாகத்தார்; சுலபமான வழி கிடைத்துவிட்டது. புதுக் களம் கட்டுவானேன்? பழைய களத்திலே வேறு வண்ணத்திலே கோடு போடு! சாயம் ஒரு வாளி செலவு. சண்டை ஊர் முழுதும் வரவு! மட்டையிலே பந்து படும் 'டக் டக்' ஓசை தாங்கவில்லை என்று அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் நீதிமன்றம் ஏறுவதும் நடக்கிறது.

ஒரே இலையிலே இரு பசித்தவனை உட்காரவைத்துவிட்டு, "பாருங்கள், இவர்களுக்குள் ஒற்றுமையே இல்லை" என்று கைகொட்டிச் சிரிப்பவனை என்னென்பது? சோறு குறைவாகப் போட்டவன் அவனல்லவா?

தரை ஏன் வெடிக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தக் களங்களிலே பெரும்பாலானவை தார்க் கலவைத் தரைமீது வண்ணப்பூச்சுப் பூசியவை. நாளடைவிலே மயிரிழை போன்ற வெடிப்பு தோன்றும். அப்போதே அடைத்துவிட்டால் செலவு அற்பம். விட்டுவிட்டால் மழைநீர் உள்ளே இறங்கும், குளிர்காலத்திலே அந்த நீர் உறைந்து பனிக்கட்டியாகி விரியும், வெடிப்பு அகலும். பக்கத்து மரத்தின் வேர் கீழிருந்து தூக்கும். சில ஆண்டுகளுக்கு ஒரு முறை மேற்பூச்சைப் புதுப்பித்தே தீர வேண்டும். புதுப்பிக்காமல் காலம் கடத்தினால், கடைசியிலே முழுத் தரையையும் பெயர்த்தெடுத்துப் புதிதாகப் போட வேண்டிவரும். சிறு செலவை மிச்சம் பிடித்தவர்கள் பெருஞ்செலவைத் தேடிக்கொள்கிறார்கள்!

பிறகு என்ன சொல்கிறார்கள்? "களம் பாழடைந்துவிட்டது, ஆட வருவோர் இல்லை, ஆள் வராத களத்துக்கு ஏன் பணம்?" அருமையான வாதம்! கிணற்றைத் தூர்த்துவிட்டு, "இந்த ஊரிலே யாருக்கும் தாகமே இல்லை" என்று சொல்வதற்கும் இதற்கும் என்ன பேதம்?

இந்தக் களங்கள் வானத்திலிருந்து விழுந்தவையல்ல. 1930-களிலே அமெரிக்காவிலே வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடியபோது, அதிபர் ரூசுவெல்ட்டின் அரசு 1935 முதல் 1943 வரை பொதுப்பணித் திட்டம் ஒன்றை நடத்தியது. வேலையிழந்தோர் கையிலே மண்வெட்டி கொடுத்துச் சாலை போடச் செய்தது, பள்ளி கட்டச் செய்தது. ஆயிரக்கணக்கிலே டென்னிஸ் களங்களும் அமைக்கச் செய்தது. சீமான்கள் மாளிகைத் தோட்டத்திலே ஆடிய ஆட்டம் தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்கும் எட்டியது. கட்டியவன் பாட்டாளி, ஆட வந்தவன் பாட்டாளியின் மகன்.

அப்படி ஆட வந்தவர்கள் யார் யார்? லாஸ் ஏஞ்சல்சில் வீடுகளுக்குச் சாயம் பூசும் தொழிலாளியின் மகன் பாஞ்சோ கான்சலஸ். மெக்சிகோவிலிருந்து வந்த குடும்பம். தாய் வாங்கித் தந்த 51 செண்டு மட்டையோடு பொதுப் பூங்காக் களத்திலே பழகினார். 1948-லும் 1949-லும் அமெரிக்க வாகையர் ஆனார். லாங் பீச் நகரத்துத் தீயணைப்பு வீரரின் மகள் பில்லி ஜீன் கிங். பூங்காக் களத்திலே இலவசமாகக் கற்றவர். விம்பிள்டனிலே ஒற்றையர் பட்டத்தை 6 முறை வென்றவர்.

ரிச்மண்டு நகரத்திலே கறுப்பு மக்களுக்கென ஒதுக்கிய விளையாட்டுத் திடலின் காவலருடைய மகன் ஆர்தர் ஆஷ். அதே ஊரிலே வெள்ளையருக்கு நல்ல பூங்காக் களங்கள் இருந்தன, வரிப்பணத்திலே நடந்தவைதாம், ஆனால் அந்தக் கறுப்புச் சிறுவன் உள்ளே நுழையக்கூடாது என்றனர்! பெயர் 'பொது', நடப்பு புறக்கணிப்பு. அந்தச் சிறுவனே 1968-இல் அமெரிக்கப் பட்டத்தையும் 1975-இல் விம்பிள்டன் பட்டத்தையும் வென்றான். இன்று நியூயார்க்கின் பூங்கா நிலத்திலே எழுந்து நிற்கும் உலகின் மிகப் பெரிய டென்னிஸ் அரங்குக்கு ஆர்தர் ஆஷ் பெயர். அந்த வளாகம் முழுதுக்கும் பில்லி ஜீன் கிங் பெயர். பெயரைக் கோபுரத்திலே பொறித்தார்கள். அவர்களை வளர்த்த களங்களின் சாயலிலே உள்ளவற்றை வெயிலுக்கும் பனிக்கும் விட்டுவிட்டார்கள்!

ஏன் விட்டார்கள்? கலிபோர்னியாவைப் பாருங்கள். 1978-இல் அங்கே 13-ஆம் எண் தீர்மானம் நிறைவேறியது. சொத்து வரி, மதிப்பிலே நூற்றுக்கு ஒன்றுக்குமேல் போகக்கூடாது என்று கட்டினர். சொத்து வரி வருமானம் பாதிக்குமேல் சரிந்தது. பெரிய வணிகக் கட்டடங்களின் உடைமையாளருக்கும் அந்தச் சலுகை கிடைத்தது. நகராட்சிகள் கத்தரிக்கோலை எடுத்தன. காவல்துறையை வெட்ட முடியுமா? பூங்காவை வெட்டு, நூலகத்தை வெட்டு! 2008-இல் பொருளாதாரம் சரிந்தபோதும் பல நகரங்களிலே முதல் வெட்டு பூங்காவுக்குத்தான். கலிபோர்னியாவின் காம்ப்டன் நகரத்திலே, உடைந்த கண்ணாடித் துண்டுகள் கிடந்த பொதுக் களத்திலேதான் வீனஸ், செரீனா சகோதரிகள் பழகினர். 2016-இல் அந்நகரப் பூங்கா ஒன்றின் களங்களுக்கு அவர்கள் பெயர் சூட்டப்பட்டது. மகிழ்ச்சி! ஆனால் ஒரு தெருவின் களம் செப்பனிடப்பட வேண்டுமானால், அந்தத் தெருவிலே உலக வாகையர் ஒருவர் பிறந்தாக வேண்டுமா?

இதற்கிடையே மூடிய பெரிய கடைகளை வாடகைக்குப் பிடித்து, உள்ளே பிக்கிள்பால் களம் போட்டு, சந்தா வசூலிக்கும் தனியார் கம்பெனிகள் கிளம்பிவிட்டன. வழவழப்பான தரை, இறுக்கமான வலை, பளிச்சிடும் விளக்கு! பணம் உள்ளவன் அங்கே போய்விடுகிறான். போக முடியாதவன் வெடித்த தரையிலே நின்று பக்கத்திலிருப்பவனோடு சண்டை போடுகிறான். பொதுக் களத்தின் பாழ், தனியார் களத்தின் விளம்பரம்!

முடியாத காரியமா இது? பிரிட்டனைப் பாருங்கள். அங்கும் பூங்காக் களங்கள் பாழடைந்து கிடந்தன. 2021-இல் அரசு நிதி ஒதுக்கியது; டென்னிஸ் சங்கமும் பங்கு போட்டது; ஏறத்தாழ 3 கோடி பவுன் செலவிலே 3,000-க்கு மேற்பட்ட களங்கள் புதுப்பிக்கப்பட்டன. மனம் இருந்தது, பணமும் வந்தது. அங்கும் ஒரு கவனம் வேண்டும்: புதுப்பித்த களங்கள் பலவற்றிலே கதவுக்குப் பூட்டும், முன்பதிவும், கட்டணமும் வந்துள்ளன. தரை சீரானது நல்லது. ஆனால் காசில்லாச் சிறுவன் வேலிக்கு வெளியே நிற்க நேர்ந்தால், ஆர்தர் ஆஷை நிறுத்திய அதே வேலி வேறு உருவிலே வந்ததாகத்தான் பொருள்.

ஆகவே அந்நாட்டு மக்களிடம் நாம் சொல்ல விரும்புவது இதுதான். டென்னிஸ்காரரே, உமது பகைவன் பிக்கிள்பால்காரர் அல்ல. பிக்கிள்பால்காரரே, உமது இடத்தைப் பறித்தவர் டென்னிஸ்காரர் அல்ல. இருவரும் ஒரே மனுவிலே கையெழுத்திடுங்கள். ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டத்திலே செப்பனிடுவதற்கென்று தனித்தொகை கேளுங்கள். எந்தக் களத்துக்கு எப்போது மேற்பூச்சு என்று அட்டவணை கேளுங்கள். ஓசை கேட்காத தொலைவிலே பிக்கிள்பாலுக்குத் தனிக் களம் கேளுங்கள். கதவு திறந்தே இருக்க வேண்டும் என்று கேளுங்கள்.

உழைத்துக் களைத்தவனுக்கு மாலையிலே ஒரு மணி நேரம் ஓடியாட இடம் கேட்பது ஆடம்பரமல்ல. எட்டு மணி நேர வேலைக்காகப் போராடிய தொழிலாளர் உலகம், எட்டு மணி நேர ஓய்வையும் சேர்த்தே கேட்டது. அந்த ஓய்வுக்கு ஒரு திடல் வேண்டும். திடலுக்குத் தரை வேண்டும். தரையை அடைக்க ஒரு வாளித் தார் வேண்டும். அதைக்கூடத் தராத நிர்வாகத்தின்மீது மக்கள் வைத்த நம்பிக்கையிலே விழும் வெடிப்பை, எந்தத் தாராலும் அடைக்க முடியாது!