கலக்காத கோப்பியும் கலங்காத ஏரியும்

கோப்பிக் கடையில் கிளாசில் கோப்பி வாங்கியிருப்பீர்கள். அடியில் டின்பால் வெள்ளையாகப் படிந்திருக்கும். மேலே கறுப்புக் கோப்பி நிற்கும். கரண்டி போட்டுக் கலக்கினால்தான் இரண்டும் சேரும். கலக்காமல் வைத்தால் கொஞ்ச நேரம் அப்படியே இரண்டு அடுக்காக நிற்கும்.

ஓர் ஏரியே இப்படிப் பல நூறு ஆண்டுகளாக அடுக்கடுக்காக நிற்கிறது என்றால் நம்புவீர்களா? ஆப்பிரிக்காவில் ருவாண்டாவுக்கும் கொங்கோவுக்கும் நடுவே கிடக்கும் கிவு ஏரிதான் அது. மிக ஆழமான இடத்தில் 485 மீட்டர். அதைச் சுற்றி 20 லட்சத்துக்கும் அதிகமான மக்கள் வாழ்கிறார்கள். உழுகிறார்கள், மீன் பிடிக்கிறார்கள், பிள்ளைகளைக் குளிப்பாட்டுகிறார்கள்.

மற்ற ஏரிகளில் என்ன நடக்கிறது? காற்று அடிக்கும். குளிர்ந்த மேல்தண்ணீர் கனத்துக் கீழே இறங்கும்; அடித்தண்ணீர் மேலே வரும். இப்படிப் புரளுவதால்தான் பிராணவாயு அடிவரை போய்ச் சேருகிறது. கிவுவிலோ, ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசும் வறட்சிக் காலக் காற்று எவ்வளவு அடித்தாலும் மேலே உள்ள சுமார் 60 மீட்டர்தான் கலங்கும். அதற்குக் கீழே உள்ள தண்ணீர் உப்புகளாலும் கரியமிலவாயுவாலும் கனத்துப்போனது. ஏரிக்கு அடியில் சுரக்கும் ஊற்றுகள் இவற்றைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. வேடிக்கை என்னவென்றால், அடித்தண்ணீர் மேல்தண்ணீரைவிடச் சூடானது! சூடானது மேலே வரவேண்டும் அல்லவா? உப்பின் பாரம் அதை விடுவதில்லை.

மேலடுக்கில் பாசி உண்டு. 1950களின் கடைசியில் டங்கனீக்கா ஏரியிலிருந்து கொண்டுவந்து விட்ட சின்னஞ்சிறு மீன்கள் உண்டு. இரவில் விளக்கேற்றிப் படகில் போய் இவற்றைப் பிடிக்கிறார்கள். கீழடுக்கில் ஒரு மீன்கூடப் பிழைக்காது, பிராணவாயுவே இல்லை. அதற்காக அதைச் செத்த தண்ணீர் என்று நினைத்துவிடாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத கோடானுகோடி உயிர்கள் அங்கே குடித்தனம் நடத்துகின்றன.

செத்த பாசி மழைத்தூறல்போல் கீழே இறங்குகிறது. அதைத் தின்னும் ஒரு வகைக் கிருமி, பிராணவாயுவுக்குப் பதிலாகத் தண்ணீரில் கரைந்த சல்பேட்டைச் ‘சுவாசித்து’ அழுகிய முட்டை நாற்றமுள்ள வாயுவைக் கக்குகிறது. இன்னொரு கூட்டம் ஆர்க்கியா என்பது. பார்வைக்குப் பாக்டீரியா போலவே இருந்தாலும் இது தனிக் குலம். பிராணவாயு பட்டாலே இதற்கு ஆகாது. மக்கிய பொருளிலிருந்து மீத்தேன் வாயுவைத் தயாரிப்பது இதன் தொழில். எரிமலையிலிருந்து வரும் கரியமிலவாயுவை ஹைட்ரஜனோடு சேர்த்தும் அதே மீத்தேனைச் சமைத்துவிடும்.

இது உங்களுக்குப் புதிதல்ல. செம்பனை ஆலைக்குப் பின்னால் கழிவுநீர்க் குளத்தில் கொப்புளம் கொப்புளமாகப் பொங்குவதைப் பார்த்திருப்பீர்களே, அதுவும் இந்தக் கூட்டத்தின் கைவேலைதான். ஆலைக் குளத்தில் வாயு உடனே வெளியேறிவிடுகிறது. கிவுவில் பல நூறு மீட்டர் தண்ணீரின் பாரம் மூடிபோல் அழுத்துவதால் கரைந்தபடியே கிடக்கிறது. மெல்லக் கசிந்து மேலே வருவதையும், இரண்டு அடுக்குகளும் சந்திக்கும் இடத்தில் காத்திருக்கும் வேறொரு கிருமிக் கூட்டம் தின்று தீர்த்துவிடுகிறது. ஒருவன் சமைக்க, மற்றவன் சாப்பிட, படகில் போகிற மீனவருக்கு ஒன்றும் தெரியாது!

இப்படிச் சேர்ந்திருப்பது எவ்வளவு? வெளியே எடுத்து அளந்தால் மீத்தேன் சுமார் 60 கன கிலோமீட்டர், கரியமிலவாயு சுமார் 300 கன கிலோமீட்டர்.

சோடா போத்தல் மூடியிருக்கும்வரை சாதுவாக இருக்கும், திறந்தால் பொங்கும். ஏரி பொங்கினால்? கமரூன் நாட்டில் நியோஸ் என்ற சிறிய ஏரியில் அதுதான் நடந்தது. அங்கே அடியில் கிடந்தது எரிமலைக் கரியமிலவாயு. 1986 ஆகஸ்டு 21ஆம் தேதி இரவு அது ஒரேயடியாகப் பொங்கி வெளியேறியது. காற்றைவிடக் கனமானதால் பள்ளத்தாக்கு வழியே தண்ணீர்போல் ஓடி ஊர்களை மூடியது. 1,700க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். பலர் படுத்த பாயிலேயே. ஆயிரக்கணக்கான மாடுகளும் மடிந்தன. நீலமாக இருந்த ஏரி செந்நிறமாகிவிட்டது. அடித்தண்ணீரில் கரைந்திருந்த இரும்பு மேலே வந்து பிராணவாயுவைக் கண்டதும் துருவாக மாறியதே காரணம். 2001இல் அந்த ஏரிக்குள் ஒரு நீண்ட குழாயை இறக்கினார்கள். முதலில் பம்பு வைத்துச் சற்றே இழுத்ததும், பிறகு வாயுவே தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வானளாவப் பீறிட்டது. இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக வாயுவை இறக்கிவிட்டார்கள்.

கிவு, நியோசைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் பெரியது. பயந்துவிட வேண்டாம், இப்போது கரைந்துள்ள வாயு, அந்த ஆழத்தின் அழுத்தம் தாங்கக்கூடிய அளவில் சுமார் பாதிதான். 2002 ஜனவரியில் நிராகொங்கோ எரிமலை வெடித்து, நெருப்புக் குழம்பு கோமா நகரைக் கடந்து ஏரிக்குள்ளேயே இறங்கியது. அப்போதும் ஆழத்து அடுக்குகள் அசையவில்லை. ஆனாலும் அத்தனை வாயுவும் அடியில்தான் கிடக்கிறது.

ஆகவே, ஆபத்தை அடுப்பில் ஏற்றினார்கள். கிபுயே ஊருக்கு அருகே மிதக்கும் மேடையிலிருந்து சுமார் 350 மீட்டர் ஆழத்துத் தண்ணீரைக் குழாய்வழி மேலே விடுகிறார்கள். வாயு பிரிகிறது. மீத்தேனை வடித்தெடுத்துக் கரைக்கு அனுப்பி எரிக்கிறார்கள். 2016இல் தொடங்கிய அந்த நிலையத்தின் திறன் சுமார் 26 மெகாவாட். ருவாண்டா வீடுகளில் எரிகிற விளக்கில் அதற்கும் பங்குண்டு.

வாயு பிரிந்த தண்ணீரை என்ன செய்வது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஏரியின் மேலேயே கொட்டிவிட்டால் செலவு குறையும். ஆனால் அதில் உரச்சத்து மிகுதி, பாசி மண்டிவிடும். முட்டை நாற்ற வாயு மீனைக் கொன்றுவிடும். அதனால் அதை மறுபடியும் 200 மீட்டருக்கும் கீழே, அதன் கனத்துக்கு ஏற்ற அடுக்கிலேயே கொண்டுபோய் விடுகிறார்கள், டின்பாலைக் கலக்காமல் உறிஞ்சி எடுப்பதுபோல!