வீட்டை ஒப்படைக்கும் கட்டளையும் நீதிபதி தரும் தவணையும்

எமது கல்லூரியின் பழைய மாணவருட் பலர் இங்கிலாந்திற் குடியமர்ந்து, கடன் பெற்று வீடு வாங்கியுள்ளனர். வேலை போவதாலோ நோய் வருவதாலோ மாதக் கட்டுப்பணம் தவறுதல் எவர்க்கும் நேரக்கூடியது. பின்னர் வீட்டை ஒப்படைக்குமாறு நீதிமன்றம் கட்டளையிட்டுவிட்டால் எல்லாம் முடிந்துபோயிற்று என்றே பெரும்பாலார் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் தவறானது. கட்டளையை நிறைவேற்றாது பிற்போடும் அதிகாரம் அந்நாட்டு நீதிபதிக்கு உண்டு. அது வந்த வழியையும் அதன் எல்லையையும் ஈண்டுச் சிறிது விளக்குவேன்.

ஈடு வேறு, ஒற்றி வேறு என்பதை யாழ்ப்பாணத்தார் நன்கறிவர். ஈட்டிற் காணி கடன்பட்டவர் கையிலேயே இருக்கும். ஒற்றியிலோ கடன் கொடுத்தவர் காணியை ஆண்டு, வட்டிக்குப் பதிலாக அதன் வருவாயை அனுபவிப்பார். ஆங்கிலேயர் ஈடு என வழங்குவதில் ஒற்றியின் வலிமையும் மறைந்து கிடக்கின்றது. உறுதியில் வேறு உடன்பாடு இல்லாதவிடத்து, கடன் கொடுத்தவர் அது முடிந்த அன்றே வீட்டின் ஆட்சியைக் கோரலாம். கட்டுப்பணம் தவறியிருக்க வேண்டுமென்பதுகூட இல்லை. 1962 இல் வந்த ஒரு தீர்ப்பு இதனை மேலும் இறுக்கியது. முழுக்கடனையும் தீர்க்க வழியுண்டாயின் மட்டும் சிறிது அவகாசம் அளிக்கலாம். அதற்கப்பால் நீதிமன்றம் செய்யத்தக்கது யாதுமில்லை என்பது அதன் சாரம்.

இக்குறையை நீக்க 1970 ஆம் ஆண்டின் நீதிபரிபாலனச் சட்டத்தில் 36 ஆம் பிரிவு சேர்க்கப்பட்டது. குடியிருக்கும் வீடாயின், நியாயமான காலத்துள் 'செலுத்தவேண்டிய தொகை'யைக் கடன்பட்டவர் செலுத்தக்கூடுமென்று தோன்றினால், நீதிபதி வழக்கை ஒத்திவைக்கலாம். கட்டளையிட்ட பின்னும் அதன் நிறைவேற்றத்தை நிறுத்திவைக்கலாம். நோக்கம் நன்று, சொல் பிழைத்தது. ஒரு தவணை தவறினும் முதல் முழுவதும் உடனே செலுத்தப்படவேண்டும் என்றொரு வாசகம் ஈட்டுறுதிகளிற் பெரும்பாலும் காணப்படும் (கையொப்பமிடுவோருள் அதனை வாசிப்பவர் எத்தனை பேர்?). ஆகவே செலுத்தவேண்டிய தொகை என்றால் கடன் முழுவதுமே என்று பொருள்கொள்ள இடமாயிற்று. நூறு பவுண் தவறியவர் பல்லாயிரம் பவுண் தேட வேண்டியவரானார். 1973 இல் மற்றொரு சட்டம் இதனைத் திருத்தி, நிலுவையையும் இடையில் வரும் தவணைகளையும் மட்டும் கணக்கிற் கொள்ளலாமென விதித்தது.

இனி, 'நியாயமான காலம்' எவ்வளவு? சட்டம் எண் எதுவும் கூறவில்லை. நீண்டகாலம் இரண்டு முதல் நான்கு ஆண்டுகளே வழக்கமாக அளிக்கப்பட்டன. 1996 ஆம் ஆண்டுத் தொகுதிகளிற் பதிவான மேன்முறையீட்டுத் தீர்ப்பொன்று, கடனில் எஞ்சியுள்ள முழுக்காலத்தையுமே முதலில் நோக்கவேண்டும் என்றது. நிலுவை 4,800 பவுண் என்று கொள்வோம். இரண்டாண்டில் தீர்ப்பதாயின் வழக்கமான கட்டுப்பணத்தோடு மாதம் 200 பவுண் மேலதிகமாக வேண்டும். எஞ்சிய காலம் 16 ஆண்டுகளாயின் மாதம் 25 பவுண் போதும். ஒரு குடும்பம் வீட்டிலிருப்பதும் வீதிக்கு வருவதும் இந்தக் கணக்கிலே தங்கியுள்ளன. மீண்டும் தவறுவோருக்கு அத்துணை இரக்கம் கிடையாதென்பதையும் நீதிபதிகள் அத்தீர்ப்பிலேயே உணர்த்தினர். அது முறையே என்பது என் கருத்து.

வாடகைக்கு இருப்போர் பலருக்கு இத்துணை இடமில்லை. 1980 ஆம் ஆண்டின் வீடமைப்புச் சட்டத்தின் 89 ஆம் பிரிவின்படி, நீதிபதிக்கு வேறு தெரிவில்லாத வழக்குகளில் 14 நாட்களே தவணை. மிகுந்த இடர்ப்பாடு காட்டப்பட்டால் ஆறு வாரம்.

கடன்பட்டோர் ஒன்று கவனிக்கவேண்டும். 36 ஆம் பிரிவு, கடன் கொடுத்தவர் ஆட்சிகோரி நீதிமன்றம் வந்தால் மட்டுமே உதவும். வெறுமையாய்க் கிடக்கும் வீட்டினுள் அவர் கலகமின்றி நுழைந்துகொண்டால் அப்பிரிவு பயன்படாதென 1990களின் இறுதியில் தீர்க்கப்பட்டது. ஆதலின் மனமொடிந்து வீட்டைவிட்டு வெளியேறுதல் கூடாது. வருமானமும் செலவும் எழுதிய கணக்கோடு விண்ணப்பித்தல் வேண்டும். எம் நாட்டுப் பிஸ்காலை ஒத்த ஏவலர் வந்து வீட்டை எடுத்துக்கொள்ளும் காலை வரையிலும் அவ்விண்ணப்பத்தைச் செய்யலாம். எடுத்தபின் நீதிபதியின் இவ்வதிகாரம் ஒழிந்துவிடும்.